கம்பியும் கண்ணும்

மனிதக் கண் தனக்கு வேண்டியதை மட்டுமே காணும் இயல்புடையது. கூட்டினுள் உலவும் விலங்கை நோக்குபவன், இடையே நிற்கும் கம்பியைக் கண்டும் காணாதவனாகிறான். புகைப்படக் கருவிக்கு அந்தப் பாரபட்சம் தெரியாது. எது முதலில் எதிர்ப்படுகிறதோ அதனையே அது பற்றிக்கொள்கிறது. வட்டவளைத் தோட்டப் பாடசாலையொன்றின் ஆசிரியர் இவ்வுண்மையை அறிந்துகொள்ள இருமுறை தெஹிவளைக்குச் செல்ல நேர்ந்தது.

முதற் பயணம் மாணவர் சுற்றுலா. வட்டவளை நிலையத்திற் புகைவண்டி ஏறி, கொழும்புக் கோட்டையில் இறங்கி, கரையோர வண்டியிற் சென்ற பிள்ளைகளுட் பலர் அன்றுதான் முதன்முறையாகக் கடலைக் கண்டனர். மிருகக்காட்சிச்சாலையில் ஆசிரியர் தாம் பழையதாக வாங்கியிருந்த கமராவால் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தார். நல்லனவெனத் தோன்றிய சிலவற்றை ஹட்டனிற் பிரதி செய்வித்து வகுப்பிற் காட்டினார். சிறுத்தையின் படம் கைமாறி வருகையில் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் சொன்னான்:

“சேர், கம்பி நல்லா விழுந்திருக்கு. புலியத்தான் காணோம்.”

வகுப்பு சிரித்தது, ஆசிரியரும் சிரித்தார். ஆயினும் அச்சொல் அவரைத் தைத்தது. கம்பிவலையின் ஒவ்வொரு முடிச்சும், அதிற் படிந்த துருவும் அப்படத்திற் கூர்மையாகத் தெரிந்தன. அப்பால் மஞ்சள் நிறக் கறையாகச் சிறுத்தை மங்கிக் கிடந்தது.

குறையின் காரணங்களை அவர் தேடலானார். முதலாவது வீட்டிலேயே இருந்தது. வட்டவளை இலங்கையின் மிகு மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஆண்டு மழைவீழ்ச்சி 5000 மில்லிமீற்றரையும் கடப்பது. மழைக்காலத்தில் இங்கு சுவர்களே வியர்க்கும். தோலுறையுட் கிடந்த வில்லையின் உட்புறத்திற் சிலந்தி நூல்போற் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அதனைத் துப்புரவு செய்வித்தபின், ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு இறுக மூடும் தகரப் பெட்டியொன்றிற் கமராவை வைக்கலானார்.

இரண்டாவது காரணம் கருவியின் இயல்பிலே இருந்தது. 1980களின் பிற்பகுதியிலிருந்து பரவிய தானியங்கிக் குவியமுறை, எதிரேயுள்ள காட்சியில் ஒளியும் இருளும் கூர்மையாகப் பிரியும் விளிம்புகளைத் தேடுவது. அண்மையிலுள்ள கம்பியைவிட அதற்கு உவப்பான விளிம்பு வேறில்லை. எனவே வலைக்கு அப்பால் நோக்குபவர் அம்முறையை நிறுத்தி, வில்லையின் வளையத்தைத் தம் கையாலேயே திருப்புதல் வேண்டும். துவாரத்தை அகலத் திறந்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் குறுகிவிடும். குவியத் தூரம் நீளமாயும், வில்லை வலைக்கு அண்மையிலும், விலங்கு அதற்கு நெடிது அப்பாலும் இருப்பின் கம்பி மெல்லிய புகையாய்ப் பரந்து கண்ணுக்குப் புலனாகாது ஒழியும். ஆனால் வெயில் படும் கம்பி புகையாகப் பரந்தும் படத்தை வெளுக்கச் செய்யும். ஆதலின் நிழல் வீழ்ந்த பகுதியையே தெரிந்துகொள்ளல் வேண்டும்.

இவற்றையெல்லாம் ஏட்டிற் குறித்துக்கொண்டு, விடுமுறை நாளொன்றில் அவர் தனியே தெஹிவளைக்குச் சென்றார். அந்நிலையத்துக்கு ஒரு வரலாறுண்டு. ஜோன் ஹகன்பெக் என்னும் ஜெர்மானியர் 1920களில் அங்கு அமைத்த விலங்குச் சேகரிப்பே அதன் தொடக்கம். 1936இல் அரசு அதனைப் பொறுப்பேற்றது. அவருடைய மாற்றாந்தாய்வழித் தமையனாரான கார்ல் ஹகன்பெக், 1907இல் ஹம்பேர்க் நகரருகே, கம்பிக்குப் பதிலாக அகழியால் விலங்கையும் மனிதரையும் பிரித்த காட்சிச்சாலையைத் திறந்து உலகைக் கவர்ந்தவர். அகழிக்கு இப்பால் நின்று படமெடுப்பது எளிது. சிறுத்தையோ தாவவும் ஏறவும் வல்லது. அதற்கு வலை தவிர்க்கவொண்ணாதது.

பார்வையாளரைத் தடுக்கும் வேலியைக் கடத்தல் முறையன்று. கடக்கவும் அவர் எண்ணவில்லை. 200 மில்லிமீற்றர் வில்லையைப் பூட்டி, துவார எண்ணை 4இல் நிறுத்தி, செக்கனில் ஐந்நூற்றில் ஒரு பங்கு வேகத்தை அமைத்துக் காத்திருந்தார். சிறுத்தை ஒரே தடத்தில் நடந்து, கோடியிற் சென்று திரும்பிக்கொண்டிருந்தது. ஓடும் விலங்கின் பின்னே வளையத்தைத் திருப்பிக்கொண்டு அலைவது வீண். திரும்புமுன் அது கணநேரம் தயங்கும் இடத்தை அவர் கண்டுகொண்டார். அவ்விடத்திலேயே குவியத்தை முன்கூட்டி நிறுத்தி, அண்மைக் கண் எப்போது தெளியுமென்று பார்த்திருந்தார். விலங்கின் படத்தில் கண் கூர்மையாயின் ஏனைய மங்கலை மனம் பொறுத்துக்கொள்ளும்; கண் மங்கினால் எதுவும் ஈடாகாது. ஒரு மணி நேரத்துக்குப் பின் அந்தக் கண் தெளிந்தது. வலை மறைந்தது.

அப்படம் வகுப்பறைச் சுவரில் ஏறிற்று. மேனியின் புள்ளிக் கூட்டங்கள் ஒவ்வொரு சிறுத்தைக்கும் வேறுவேறானவை, ஒரே சிறுத்தையின் இடப்பக்கமும் வலப்பக்கமுங்கூட ஒவ்வா, ஆய்வாளர் காட்டில் எடுக்கும் படங்களிலிருந்து தனித்தனிச் சிறுத்தைகளை அடையாளங் காண்பது அவற்றைக் கொண்டே என ஆசிரியர் விளக்கினார். பிள்ளைகள் பிரிந்தபின் அந்தப் பழைய மாணவன் மட்டும் நின்றான். அவன் கையில் இருந்தது முதற் படம்.

“சேர், இந்த மாதிரிக் கம்பி எங்க வீட்லயும் இருக்கு. அப்பா பன்னிக்கு வைப்பாரு.”

ஆசிரியர் உடனே விடை கூறவில்லை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணி, லக்சபானத் தோட்டப் பகுதியிற் கம்பிச் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, உயிருடன் மீட்கப்பட்டு உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டும் சில நாட்களில் மாண்டதை அவர் அறிவார். மலையகத்தில் அவ்வாறு மடிந்தது அது ஒன்றே அன்று.

ஞாயிறன்று அவர் அந்த லயத்துக்குச் சென்றார். சுருக்கு வைப்பது சட்டப்படி குற்றம் என்பதை மெதுவாகச் சொன்னார். தந்தை தோண்டப்பட்ட கிழங்குப் பாத்தியைக் காட்டினார்.

“சம்பளம் பத்தாம போட்ட தோட்டமுங்க இது. ஒரே ராத்திரியில பன்னி தோண்டிப்புடுச்சு. புலியப் புடிக்கணும்னு நான் நெனக்கலீங்க. ஆனா கம்பிக்கு அது தெரியுங்களா?”

அவ்வினாவுக்கு ஆசிரியரிடம் விடை இருக்கவில்லை. எதிர்ப்படுவதைப் பற்றிக்கொள்ளும் மற்றொரு கருவியைத் தம் தோளில் இத்தனை காலம் சுமந்தவர் அவர். இருவரும் அன்று மாலைவரை பழந்தகரங்களைக் கம்பங்களில் அடித்துப் பாத்தியைச் சுற்றி அடைத்தனர். சுருக்கு கழற்றப்பட்டது. பின்னரும் சில இரவுகளிற் பன்றி வந்தது. சில இரவுகளில் வரவில்லை.

வகுப்பறைச் சுவரில் இப்போது இரு படங்களும் அருகருகே தொங்குகின்றன. ஒன்றிற் கண் தெளிவாயிருக்கிறது. மற்றதிற் கம்பி தெளிவாயிருக்கிறது. இரண்டாவதை ஏன் அகற்றவில்லை என்று கேட்போருக்கு விளக்கம் கூறுபவன் அந்த மாணவனே.