பழி ஓரிடம், பழுது ஓரிடம்

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆசிரியத் தொழில் புரிந்த காலத்தில் இதனை மாணாக்கர்க்குப் பலமுறை விளக்கியிருக்கின்றோம். எனினும் அதன் பொருளை உள்ளவாறு நாம் உணர்ந்தது முதுமையிலேதான். உணர்த்தியதோ ஒரு கணினிக் கேபிள்!

2020ஆம் ஆண்டிலே கொரோனா நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலருக்குக் கணினியே வகுப்பறையாயிற்று. உயர்தர வகுப்பிற் படித்த எம் பேத்தியும் பின்னறையில் இருந்து பாடங் கேட்டு வந்தாள். முன் விறாந்தையிலுள்ள ரவுட்டரிலிருந்து அவ்வறைக்கு ஒரு கேபிள் சென்றது. ஐப்பசி மாதத்து மின்னல் ஒன்றிலே கணினியின் பழைய வலை இணைப்பு எரிந்துபோயிற்று. அயல் வீட்டு இளைஞன் ஒருவன் பட்டணத்திலிருந்து புதிய வலை அட்டை ஒன்றை வாங்கி வந்து பொருத்தித் தந்தான்.

தொல்லையும் உடன் வந்தது. அட்டையிலுள்ள சிறு விளக்கு மின்னும், அணையும், மறுபடியும் மின்னும். தொடர்பு நிலைக்கவில்லை. இரண்டு நாட்கள் இரசாயனவியற் பாடம் போயிற்று. பேத்தி கண் கலங்கினாள்.

இளைஞன் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து அதே கேபிளிற் கொளுவினான். அது தடையின்றி வேலை செய்தது! கேபிள் நல்லதாயின் அட்டைதானே பழுது? நாம் நீதிபதியானோம். “கடைக்காரன் தந்த கமிசனுக்காகக் கூடாத சாமானை எங்கள் தலையிற் கட்டினாயோ?” என்று கேட்டுவிட்டோம். அவன் முகம் வாடிற்று. “இல்லை மாஸ்டர்” என்ற ஒரு சொல்லோடு படலையைச் சாத்திவிட்டுப் போனான்.

அன்றிரவு எம் இல்லாள் சொன்னாள்: “இஞ்சாருங்கோ, கரண்ட் இல்லாத காலத்திலை சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தானே றேடியோ கேட்டனாங்கள்? றேடியோ பேசாட்டில் நீங்கள் முதல் பாக்கிறது வயரைத்தானே. இப்ப மட்டும் ஏன் ஆளைப் பாத்தனீங்கள்?”

எமக்கு மறுமொழி வரவில்லை. 1990களிலே குடாநாடு இருளில் மூழ்கியிருந்தபோது, ஒவ்வொரு கம்பியாகச் சோதித்துப் பழுதைக் கண்டுபிடித்தவர்கள் நாம். அந்தப் பொறுமை எங்கே போயிற்று?

மறுநாட் காலை அவன் வீட்டுக்குச் சென்று அழைத்து வந்தோம். அவன் கணினியை ரவுட்டரின் அருகே தூக்கிச் சென்று, வேறொரு குறுங் கேபிளினால் இணைத்தான். புதிய அட்டை நன்றாக வேலை செய்தது. அட்டை குற்றமற்றது. பின்னர், கேபிளின் இரு முனைகளிலும் சோதனைக் கருவியைப் பொருத்தினான். விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. ஆறு வரை எரிந்தது; ஏழு எரியவில்லை; எட்டு எரிந்தது.

அக்கேபிளினுள் எட்டுச் செப்புக் கம்பிகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டுள்ளன. முறுக்கினால் வெளி இரைச்சல் இரு கம்பிகளையும் ஒப்பத் தாக்கி, மறுமுனையிற் கழிந்துவிடுகின்றது. இது கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்ற உத்தி. செக்கனுக்கு 100 மெகாபிற் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகளே போதும். 1000 மெகாபிற் வேகத்துக்கோ எட்டும் வேண்டும். எரிந்துபோன பழைய இணைப்பு நூறோடு அமைந்தது. ஆதலின் ஏழாவது கம்பியின் முறிவு எவருக்கும் தெரியவில்லை. புதிய அட்டையும் ரவுட்டரும் அந்த நான்கு கம்பிகள் வழியே பேசி ஆயிரத்துக்கு உடன்பட்டன. உடன்பட்டபின் நடக்க வழியில்லை. இளைஞனின் மடிக்கணினி அவ்விடத்தில் நூறுக்கு இறங்கி வந்தது. இந்த அட்டைக்கு அவ்வாறு இறங்கத் தெரியவில்லை. ஒன்று வேலை செய்ய மற்றொன்று செய்யாமை, கேபிளைக் குற்றமற்றதாக்கி எம்மை ஏமாற்றிற்று.

நிற்க. ஏழாவது கம்பியை முறித்தவர் யார்? கேபிளைத் தடவிக்கொண்டே சென்ற இளைஞன் யன்னலருகே நின்றான். தொங்கிய கேபிளை அழகாக நிறுத்துவதற்காக, கூலி மிச்சமென்று எண்ணி, இரு மாதங்களுக்கு முன் நாமே அடித்த ஆணி அங்கே இருந்தது! சற்றுச் சரிந்து கேபிளின் உடலையே துளைத்திருந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. எம் முகத்தையும் பார்க்கவில்லை. அந்தப் பண்பே எம்மை மிகவும் வருத்திற்று.

புதிய கேபிள் இழுத்தோம். முனையிற் செருகியைப் பொருத்தும்போது, முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் அவிழ்க்கலாகாது என்று அவன் எமக்குக் கற்பித்தான். அன்று மாலை பேத்தி மீண்டும் பாடங் கேட்டாள். நாம் அவனுடைய தாயார் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டோம். “பரவாயில்லை மாஸ்டர், வயர் எண்டால் அறுகிறதுதானே” என்றான்.

மாணவச் செல்வங்களே, பழுது பார்ப்போர் ஒரு வேளையில் ஒரு பொருளை மட்டுமே மாற்றிப் பார்ப்பர். இயங்கும் ஒன்றைக் கண்டவுடன் தீர்ப்புக் கூறார். ஒரு கேபிளுக்கு நாம் அளிக்கும் அந்தப் பொறுமையை, மனிதனுக்கு அளிக்க மறப்பது எத்துணைப் பேதைமை! கேபிளைப் புதிதாக இழுத்துவிடலாம். ஓர் இளைஞனின் மனத்தில் நாம் அடித்த ஆணியைப் பிடுங்கினாலும் அதன் வடு இருக்கும்.