ஆச்சியின் பெயர் என்ன?

தமிழாசிரியரிடம் ஊரார் உரிமையோடு கேட்கும் உதவிகள் இரண்டு. கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்த்துத் தரச் சொல்வார்கள். பிறந்த குழந்தைக்குப் பெயர் சொல்லச் சொல்வார்கள். முன்பெல்லாம் பெயர் கேட்டு வருகிறவர்கள், "யாரும் வைக்காத பேரா, புதுசா சொல்லுங்க சார்" என்பார்கள். ஷ, ஸ, ஹ இல்லாத பெயரைச் சொன்னால் முகம் வாடிப்போகும். இன்று அதே வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் தாய் தகப்பன் ஆகி வந்து, "பழைய பேரா, நல்ல தமிழ்ப் பேரா வேணும் சார்" என்கிறார்கள். முதல் வகுப்பு வருகைப் பதிவேட்டில் யாழினி, ஆதிரை, கயல், முகிலன், செழியன், இளமாறன் என்று வரிசையாக வாசிக்கக் கேட்கும்போது மனசு நிறைகிறது. என் வயதுக்காரர்களில் பாதிப்பேர் சுரேஷும் ரமேஷும். அடுத்த தலைமுறையில் தர்ஷினியும் ஹர்ஷினியும். அதற்குப் பிறகு இந்தப் பெயர்கள் திரும்பி வந்திருப்பது சாதாரணக் காரியம் அல்ல.

இந்தத் திரும்புதல் ஒரு நாளில் நடந்ததும் அல்ல. சூரியநாராயண சாஸ்திரியார் தம்மைப் பரிதிமாற் கலைஞர் என்று சொல்லிக்கொண்டார். வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். 1916-ல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியபின் பெயர் மாற்றிக்கொள்வது ஒரு கொள்கையாகவே ஆயிற்று. திராவிட இயக்கம் அதைத் தெருத்தெருவாகக் கொண்டுபோனது. நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் ராமையா அன்பழகனாகவும் ஆனது அந்தக் காலத்தில்தான். தலைவர் ஊருக்கு வரும் நாள்வரை பிள்ளைக்குப் பெயர் வைக்காமல் காத்திருந்து, கூட்டத்தில் மேடையேறி அவர் கையில் பிள்ளையைக் கொடுத்துப் பெயர் வாங்கிய குடும்பங்கள் எத்தனையோ. 1950-ல் கல்கி இதழில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' வானதியையும் குந்தவையையும் அருள்மொழியையும் நம் வீடுகளுக்குள் கூட்டிவந்தது. 2022, 2023-ல் அது படமாக வந்தபோது அந்தப் பெயர்கள் மறுபடி காதில் விழுந்தன. கீழடிப் பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று கீறியிருப்பது தெரிந்தபின், ஆதன் என்று வைக்கலாமா என்று கேட்டு வந்தவர்களும் உண்டு. ஈராயிரம் ஆண்டுக்கு முன்பு ஒருவன் தன் பானையில் எழுதிவைத்த பெயர், இன்று தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குப் பொருந்துகிறது என்றால் அதில் பெருமைப்படாமல் எப்படி இருப்பது?

ஆனாலும் என் மனதில் ஒரு குறை உண்டு. நாம் விரும்பி அழைத்துவரும் பழைய பெயர்கள் பெரும்பாலும் அரண்மனையிலிருந்தும் புலவர் ஏட்டிலிருந்தும் வருகின்றன. நம் வீட்டுத் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர்களின் பெயர்கள் அந்த வரிசையில் இல்லை.

என் பழைய மாணவர் ஒருவர் மகளுக்குப் பெயர் கேட்டு வந்திருந்தார். திருவாதிரையில் பிறந்த பிள்ளை. 'கு' எழுத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார் சோசியர். கைபேசியில் ஒரு பட்டியலே வைத்திருந்தார். குயிலி, குழலி, குமுதினி, குறிஞ்சி என்று போனது.

"உங்க ஆச்சி பேரு என்னப்பா?" என்று கேட்டேன்.

"அது பழைய பேரு சார்."

"பழைய பேரு வேணும்னுதானே வந்திருக்கே?"

"அந்தப் பழசு இல்ல சார்," என்று கொஞ்சம் தயங்கினார். "குற்றாலத்து அம்மன் பேரு. குழல்வாய்மொழி. ரொம்ப நீளம். பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க கேலி பண்ணும்."

அவருடைய பட்டியலில் இரண்டாவதாக இருந்த குழலியை விரலால் தொட்டுக் காட்டினேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை. இணையத்தில் தேடித் தேடிச் சேர்த்த பெயர், தன் ஆச்சியின் பெயருக்கு உள்ளேயே இருந்ததை அப்போதுதான் பார்த்தார். பிறப்புச் சான்றிதழில் ஆச்சியின் பெயரை முழுசாக எழுதினார்கள். வீட்டில் குழலி என்று கூப்பிடுகிறார்கள்.

எங்கள் நெல்லைச் சீமையில் பெயரைக் கேட்டாலே ஊர் தெரிந்துவிடும். நெல்லையப்பன், காந்திமதி என்றால் திருநெல்வேலி. சங்கரலிங்கம், கோமதி என்றால் சங்கரன்கோவில். கள்ளபிரான் என்றால் ஸ்ரீவைகுண்டம். குழைக்காதன் என்றால் தென்திருப்பேரை. சுடலைமுத்து, இசக்கியம்மாள், பேச்சிமுத்து, முப்பிடாதி என்றால் அந்தக் குடும்பம் எந்தச் சாமிக்குப் பொங்கலிடும் என்பதும் தெரியும். மற்றப் பக்கங்களுக்கும் இதே கணக்குத்தான். திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவரும் மட்டுவார்குழலியும். வைத்தீஸ்வரன்கோவிலில் தையல்நாயகி. திருவண்ணாமலையில் உண்ணாமுலை. வேதாரண்யத்து அம்மனுக்கு யாழைப் பழித்த மொழியாள் என்று பெயர். யாழினி என்று ஆசையாக வைக்கும் தாய்க்கு, அதைவிடப் பல நூறு ஆண்டு மூத்த இந்தப் பெயரையும் யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அன்றைக்குப் பெயர் தேடுகிற வேலையே இல்லை. மூத்த ஆண்பிள்ளைக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். பெண்பிள்ளைகளுக்கும் அதே முறையில் ஆச்சிகளின் பெயர். மாமனார் பெயரையும் மாமியார் பெயரையும் மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதால், பெற்ற பிள்ளையையே அவளால் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. 'ராசா' என்பாள், 'ஐயா' என்பாள், 'பெரியவனே' என்பாள். பெண் என்றால் 'பாப்பா', 'தங்கம்'. இப்படி ஒரே பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயரும் அமைந்துவிடும். பள்ளியில் சேர்க்க வந்த தாய் பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், "அவங்க தாத்தா பேருதான் சார், நீங்களே எழுதிக்கோங்க" என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்த்ததை மூத்த ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கட்டுப்பாடு போனது நல்லதே. தன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட எந்தத் தாய்க்கும் தடை இருக்கக்கூடாது. ஆனால் கட்டுப்பாடு போனபோது, தாத்தா ஆச்சியின் பெயரை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் வழக்கமும் சேர்ந்தே போய்விட்டது.

எல்லாப் பழைய பெயரும் திரும்ப வரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அடுத்தடுத்துப் பிள்ளைகள் செத்துப்போன வீட்டில், தப்பிப் பிழைத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பம்மாள், குப்புசாமி என்று வைத்தார்கள். மூக்குக் குத்தி மூக்கன், மூக்கம்மாள் என்று வைத்தார்கள். மடிப்பிச்சையாக வந்த பிள்ளை என்று பிச்சை என்றார்கள். எமன் கண்ணில் படாமல் பிள்ளையை ஒளித்துவைக்கத் தெரிந்த வழி அது ஒன்றுதான். தடுப்பூசியும் ஆஸ்பத்திரியும் வந்தபின் அந்தப் பெயர்களுக்கு வேலை இல்லாமல் போனது. ஆண்பிள்ளை வேண்டி, பெண்ணாகப் பிறந்தவளுக்குப் போதும்பொண்ணு, வேண்டாம் என்று வைத்தது கொடுமை. அந்தப் பெயர்களைச் சுமந்து வாழ்ந்த பெண்களை வணங்குவோம். அந்தப் பெயர்கள் அவர்களோடு முடியட்டும்.

இன்னொரு வலியும் இருக்கிறது. கருப்பன், முனியன், மாடன் என்று சாமியின் பெயரைத் தாங்கிய பெரியவர்களை, மேல்சாதிக்காரச் சிறுவன்கூட 'டேய்' போட்டுக் கூப்பிட்ட காலம் நெடுங்காலம். அந்த அதட்டலிலிருந்து தப்பிக்கத்தான் அவர்கள் தம் பிள்ளைகளுக்கு ராஜேஷ், விக்னேஷ் என்று வைத்தார்கள். அது நியாயமான தப்பித்தல். வேர் மறந்தவர்கள் என்று அவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. சினிமாவும் தன் பங்குக்கு முனியம்மாவை வேலைக்காரியாகவும் குப்பனைக் கோமாளியாகவும் காட்டியே பழக்கியது. பெயரில் எந்த அழுக்கும் இருந்ததில்லை. கூப்பிட்டவர்களின் குரலில்தான் இருந்தது. 2018-ல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில், நெல்லை மண்ணின் பெயர் ஒன்று கதாநாயகனின் பெயராகவும் படத்தின் பெயராகவும் சுவரொட்டி முழுக்க நின்றபோது, எங்கள் ஊர்ப் பையன்களின் முகத்தில் ஒரு நிமிர்வைப் பார்த்தேன். மரியாதையோடு உச்சரித்தால் எந்தப் பெயரும் எழுந்து நிற்கும்.

பெண்களின் பெயர்களைப் பற்றி எனக்குக் கூடுதல் அக்கறை உண்டு. தாத்தாவின் பெயர் அப்பாவின் முன்னெழுத்தில் கொஞ்சம் தங்கும். பட்டாவில் இருக்கும், பத்திரத்தில் இருக்கும், கோயில் கல்வெட்டில் உபயதாரராகவும் இருக்கும். வயலில் களையெடுத்து, வீடு முழுவதற்கும் உலை வைத்து, ஏழெட்டுப் பிள்ளை பெற்று வளர்த்த ஆச்சியின் பெயர் பெரும்பாலும் இவை எதிலும் இருக்காது. ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், பிறகு இறப்புச் சான்றிதழ், அதோடு சரி. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்களின், அதாவது கோயில் ஆடல்மகளிரின், பெயர்களை, தெரு, சிறகு, வீடு என்று வரிசை குறித்துக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று கணக்கும் உண்டு. சேரமங்கை, எடுத்தபாதம் என்றெல்லாம் அதில் வாசிக்கும்போது ஆயிரம் ஆண்டு கடந்து அந்தப் பெண்கள் தனித்தனி ஆட்களாகத் தெரிகிறார்கள். நம் ஆச்சிகளுக்குக் கல்வெட்டு இல்லை. பேத்திக்கு அந்தப் பெயரை வைத்தால்தான் உண்டு.

ஆகவே பெயர் கேட்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் முதலில் ஒரு வேலை சொல்லி அனுப்புகிறேன். அவசரப்பட வேண்டாம். பிறப்பைப் பெயர் இல்லாமலே பதிந்துகொள்ளலாம். ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம், தாமதக் கட்டணம் கட்டினால் 15 ஆண்டுவரைகூட. அதற்குள் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் நான்கு தலைமுறைப் பெயர்களை, முக்கியமாகப் பெண்களின் பெயர்களை, பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பொன்னுத்தாயி, வடிவு, ஆவுடையம்மாள், பூவாத்தாள் என்று வரும். யார் எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தாள், என்ன பாடுபட்டாள் என்ற கதைகளும் கூடவே வரும். எழுதி முடித்தபிறகு யாழினி என்றே வைப்பதாக இருந்தாலும் தாராளமாக வையுங்கள், நல்ல பெயர். அந்த நோட்டில் ஏதோ ஒரு பெயர் உங்களைப் பிடித்து நிறுத்தினால் மட்டும், நீளம் என்றோ பழசு என்றோ தள்ளிவிடாதீர்கள். கூப்பிட ஒரு சின்னப் பெயர் எப்போதும் கிடைக்கும். பள்ளியில் யாராவது கேலி செய்தால் அந்தப் பெயருக்கு உரியவள் யார் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். தன் பெயரின் கதை தெரிந்த பிள்ளை அதைத் தலைநிமிர்ந்து சொல்லும். மற்றதை நாங்கள் வகுப்பில் பார்த்துக்கொள்கிறோம்.