கணக்கு நோட்டு யார் வீட்டில் இருக்கிறது?



"அக்கா, நம்ம சைட்டை மூடிட்டாங்களா?"

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி வாரம். காலை ஏழு மணிக்குச் சேதராப்பட்டிலிருந்து ஒரு மாணவி போனில் கேட்ட கேள்வி இது. அப்பா அங்குள்ள தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை. எந்தெந்தச் சான்றிதழ் வேண்டும் என்று எங்கள் இணையதளத்தைப் பார்க்கப் போனவருக்கு, அப்படி ஒரு முகவரியே இல்லை என்று செல்போன் சொல்லியிருக்கிறது. நாங்களும் திறந்து பார்த்தோம். இல்லை.

அந்தத் தளத்தை நடத்துவது நாங்கள் நான்கு பேர். சமூகப் பணி, சமூகவியல் படித்தவர்கள். கம்ப்யூட்டர் படித்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. 1944இல் தொடங்கி இன்றுவரை நடக்கிற பட்டியல் சாதி மாணவர் உதவித்தொகையைப் பற்றியும், 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி புகார் எழுதுவது எப்படி என்றும் எளிய தமிழில் போட்டு வைத்திருந்தோம். அதிகம் படிக்கப்படுவது சான்றிதழ் பற்றிய பக்கம்தான். சேதராப்பட்டு தமிழக எல்லையை ஒட்டிய ஊர். புதுச்சேரியில் பட்டியல் சாதியினர் யார் என்பதை 1964ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை வரையறுக்கிறது. அப்பா அந்தப் பக்கம், அம்மா இந்தப் பக்கம் என்றால் எந்தச் சான்றிதழ், எந்த அலுவலகம் என்று ஒவ்வொரு வீட்டிலும் குழப்பம். அதனால் ஆண்டு முழுவதும் அமைதியாகக் கிடக்கிற தளத்தில் அந்தச் சில வாரங்கள் மட்டும் திருவிழாக் கூட்டம்.

சைட்டை முடக்கிவிட்டார்கள் என்ற பேச்சு மதியத்துக்குள் வாட்ஸ்அப் குழுக்களில் பரவியது. அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு வன்கொடுமை வழக்கைப் பற்றி எழுதியிருந்தோம். நாங்களும் பாதி நம்பினோம். சாயங்காலம் உண்மை தெரிந்தது. மலிவு விலையில் இடம் கொடுத்திருந்த நிறுவனம், கூட்டம் அளவுக்கு மீறியதால் எங்கள் கணக்கை நிறுத்திவைத்திருந்தது. அவ்வளவுதான்.

ஆனால் வேறொரு சர்வருக்குத் தளத்தை மாற்றிக்கொள்ளக்கூட எங்களால் முடியவில்லை. டொமைன் பெயர், டிஎன்எஸ், தளம், மின்னஞ்சல் நான்கும் அதே நிறுவனத்தில். கணக்கோ, தொடக்கத்தில் உதவிய ஒரு நண்பரின் சொந்த மின்னஞ்சலில். அவர் அப்போது வெளிநாட்டில். மூன்று நாள் அலைந்தோம். அந்த மாணவிக்குப் பட்டியலைக் கையால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினோம். அவர் விண்ணப்பித்துவிட்டார். எங்களுக்குத் தெரிந்தே வேறு இருவர் அந்த ஆண்டு விண்ணப்பிக்கவில்லை. அதற்கு நாங்கள் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் அசட்டைதான்.

அதற்குப் பிறகுதான் இந்த டிஎன்எஸ் என்றால் என்ன என்று உட்கார்ந்து படித்தோம். உங்களில் பலர் பத்திரிகை, சட்ட உதவி, மாணவர் அமைப்பு என்று தளம் நடத்துகிறீர்கள். எங்கள் பாடம் உங்களுக்குப் பயன்படட்டும்.

தளத்தின் பெயரைச் சர்வரின் எண்ணாக மாற்றிச் சொல்கிற ஏற்பாடுதான் டிஎன்எஸ். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. இதில் மூன்று கைகள் இருக்கின்றன. முதலாவது, '.இன்', '.ஆர்க்' போன்ற முடிவுகளுக்கான மூலப் பதிவேட்டை வைத்திருப்பவர். '.இன்' பெயர்களுக்கு அது நிக்சி. இரண்டாவது, நமக்குப் பெயரை விற்கிற பதிவு நிறுவனம். மூன்றாவது, "இந்தப் பெயர் இந்த எண்ணில் இருக்கிறது" என்று உலகத்துக்குப் பதில் சொல்கிற நேம் சர்வர்களை நடத்துபவர். இந்த மூன்றாவது வேலையைப் பெயரை விற்றவரோ, தளத்துக்கு இடம் கொடுத்தவரோதான் செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தனியாக வேறொருவரிடம் கொடுக்கலாம். இது எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. தெரிந்திருந்தால் அன்று ஒரே ஒரு எண்ணை மாற்றி, ஒரு மணி நேரத்தில் தளத்தை மீட்டிருப்போம்.

எங்கள் தளம் விழுந்ததற்குச் சதி காரணம் இல்லை. ஆனால் முடக்க நினைப்பவர்களும் இதே கதவுகள் வழியாகத்தான் வருவார்கள். 2020 ஜூலையில், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவுக்கு எதிராக இயங்கிய இளைஞர் குழுக்களின் தளங்கள் திடீரென்று திறக்காமல் போனது நினைவிருக்கும். 'ஃப்ரைடேஸ் ஃபார் ஃபியூச்சர் இந்தியா' தளம் தொடர்பாகத் தில்லிக் காவல்துறை அனுப்பிய நோட்டீஸில் முதலில் உபா சட்டமே இருந்தது. பிறகு அது தவறாகச் சேர்க்கப்பட்டது என்று பின்வாங்கினார்கள். எழுதியவர்களை யாரும் தொடவில்லை. பெயரைப் பிடித்தார்கள், தளம் போய்விட்டது. நல்ல டிஎன்எஸ் நிறுவனத்தைத் தேர்ந்துவிட்டால் இதைத் தடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது மேல் கதவு. அதற்குச் சட்டப் போராட்டம்தான் வழி. ஆனால் எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று தெரிந்தால்தான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்றும் தெரியும்.

"அப்படியானால் நேம் சர்வரையும் நாமே சொந்தமாக வைத்துக்கொள்ளலாமே அக்கா?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. 2021 அக்டோபர் 4 இரவு, வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் வேலை செய்யவில்லை அல்லவா? ஃபேஸ்புக் தன் நேம் சர்வர்களைத் தன் வலையமைப்புக்குள்ளேயே வைத்திருந்தது. பராமரிப்பில் நேர்ந்த பிழையால் அந்த வலையமைப்பு துண்டிக்கப்பட்டபோது, பெயருக்குப் பதில் சொல்ல ஆளே இல்லை. பழுது பார்க்கும் கருவிகளும் சேர்ந்தே முடங்கின. எல்லாம் சொந்தம், ஆனால் எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

சரி, பெரிய வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துவிட்டால்? 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனம் தாக்கப்பட்டது. கடன் வாங்கிய குரல்களைப் போல, வீட்டுக் கேமராக்களையும் வீடியோ ரெக்கார்டர்களையும் மிராய் என்ற நிரல் கைப்பற்றி, அவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்க வைத்தது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெடிட், ஸ்பாட்டிஃபை போன்றவை பலருக்குத் திறக்கவில்லை. அவற்றின் சர்வர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வழி சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆக, யாரிடம் கொடுப்பது என்று தேடும்போது நாங்கள் ஐந்து கேள்விகளைக் கேட்டோம்.

ஒன்று, கூட்டம் வந்தால் என்ன செய்வார்கள்? சிலர் கேள்விகளின் எண்ணிக்கைக்குக் காசு வாங்குகிறார்கள். அமேசானின் ரூட் 53இல் ஒரு பெயருக்கு மாதம் 50 சென்ட், பத்து லட்சம் கேள்விகளுக்கு 40 சென்ட். எங்கள் அளவுக்கு நூறு ரூபாய்க்குள் முடிகிறது. சிலர் இலவசம் என்பார்கள். அளவு மீறினால் நிறுத்துவார்களா, பில் போடுவார்களா என்று முன்பே படித்துவிடுங்கள்.

இரண்டு, பதில் எங்கிருந்து வருகிறது? ஒரே எண்ணைப் பல ஊர்களிலிருந்து ஒலிபரப்பி, கேட்பவருக்குப் பக்கத்தில் இருக்கிற சர்வரைப் பதில் சொல்ல வைக்கும் முறைக்கு எனிகாஸ்ட் என்று பெயர். கிளவுட்ஃபிளேர் போன்றவர்களுக்குச் சென்னையிலேயே சர்வர் உண்டு. ஒரு ஊரில் அடி விழுந்தாலும் மற்ற ஊர்கள் தாங்கும்.

மூன்று, இன்னொரு நிறுவனத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள விடுவார்களா? கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டம் வலுவானது. ஆபத்தில் உள்ள உரிமைக் குழுக்களுக்கு 2014 முதல் பிராஜெக்ட் கலிலியோ என்ற பெயரில் இலவசப் பாதுகாப்பும் தருகிறார்கள். தொடர்ந்து தாக்கப்படுகிற தளம் என்றால் அதற்கு விண்ணப்பியுங்கள். ஆனால் இலவசத் திட்டத்தில் டிஎன்எஸ் முழுவதையும் அவர்களிடமே ஒப்படைக்க வேண்டும்.

நான்கு, உள்ளே நுழைய முடியாத நாளில் என்ன ஆகும்? 2023 நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் மின்தடை ஏற்பட்டு, கிளவுட்ஃபிளேரின் கட்டுப்பாட்டுப் பலகை முடங்கியது. தளங்கள் ஓடின. ஆனால் வாடிக்கையாளர்களால் அங்கே எதையும் மாற்ற முடியவில்லை. எவ்வளவு பெரிய நிறுவனத்துக்கும் அப்படி ஒரு நாள் வரும்.

ஐந்து, நம் பதிவுகளை ஒரு கோப்பாக நகல் எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா? எங்களுக்கு இதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

பண்ணையாளாக இருந்த எங்கள் தாத்தா பாட்டிகளின் கதை உங்கள் வீடுகளிலும் இருக்கும். வாங்கிய கடன் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்பது ஆண்டை வீட்டு நோட்டில்தான் இருந்தது. வேறு பண்ணைக்குப் போக முடியாமல் அவர்களைக் கட்டிப்போட்டது அந்த நோட்டு. கணக்கு நம் கையில் இல்லாவிட்டால் வெளியேறும் உரிமையும் இல்லை. அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட 'கேசரி' மறுத்தது. எழுத நம்மிடம் பத்திரிகை இருந்தாலும், அது இருக்கிறது என்று ஊருக்குச் சொல்கிற வழி அடுத்தவர் கையில் இருந்தால் இதுதான் நடக்கும்.

கடைசியில் நாங்கள் செய்தது இது. டொமைன் பெயரை நண்பரின் கணக்கிலிருந்து எடுத்து எங்கள் அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றினோம். கடவுச்சொல்லோடு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் வைத்தோம். மீட்பு மின்னஞ்சலை எங்கள் தளத்தின் பெயரில் இல்லாத முகவரியாக வைத்தோம். பெயர் விழுந்தால் அந்த மின்னஞ்சலும் விழுந்துவிடும் அல்லவா? டிஎன்எஸ்ஸை ரூட் 53இலும், ஹரிகேன் எலக்ட்ரிக் தருகிற இலவசச் சேவையிலும் ஒரே மாதிரி எழுதிவைத்து, இரண்டின் நேம் சர்வர்களையும் பதிவு நிறுவனத்தில் சேர்த்தோம். மொத்தம் பன்னிரண்டு வரிகள்தான், கையாலேயே எழுதிவிடலாம். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்ற மறக்கக் கூடாது. பதில்களுக்குக் கையொப்பமிடும் டிஎன்எஸ்செக் வசதியை இந்த ஏற்பாட்டில் விட்டுக்கொடுத்தோம். அதுதான் முக்கியம் என்பவர்கள் பெர்லினில் நன்கொடையில் இயங்கும் லாப நோக்கற்ற டிசெக் அமைப்பைப் பாருங்கள், அங்கே அது இயல்பாகவே உண்டு.

பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்று சொல்கிற டிடிஎல் அளவை ஒரு மணி நேரமாக வைத்தோம். ஐந்து நிமிடம் என்று வைத்தால் கேள்விகள் கூடும், செலவும் கூடும். ஒரு நாள் என்று வைத்தால் அவசரத்துக்கு மாற்ற முடியாது. சர்வரை மாற்றப் போகிறோம் என்றால் முதல் நாளே ஐந்து நிமிடமாகக் குறைத்துவிடுகிறோம்.

பதிவுகளின் நகல் எங்கள் நால்வரிடமும் இருக்கிறது. ஒரு நகலைத் தாளில் அச்செடுத்து அலுவலக பீரோவிலும் வைத்திருக்கிறோம்.

போனில் கேட்ட அந்த மாணவி இப்போது இறுதி ஆண்டு படிக்கிறார். சென்ற மாதம் அவரையும் உட்காரவைத்து, ஒரு பதிவை மாற்றி மீண்டும் பழையபடி வைக்கச் சொல்லிக்கொடுத்தோம். "இவ்ளோதானா அக்கா?" என்றார். இவ்வளவுதான். உங்கள் தளத்தின் பெயர் இன்று யார் கணக்கில், யார் மின்னஞ்சலில் இருக்கிறது என்று இன்று இரவே பாருங்கள்.

ஜெய்பீம்.