வேம்பநாட்டு நீர்வழியில் ஆலய தரிசனம்

ஆலயங்களுக்குச் சாலை வழியாகச் சென்றே நமக்குப் பழக்கம். கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் முன்னாளில் நெல்லும் நீர்வழியே வந்தது. மணப்பெண்ணும் நீர்வழியே வந்தாள். தெய்வமும் நீர்வழியே எழுந்தருளியது. வேம்பநாட்டுக் காயலையும் அதனோடு பின்னிக் கிடக்கும் கால்வாய்களையும் காண, முழங்கால் வலியுள்ள என் துணைவியாருடன் மூன்று நாட்கள் சென்று வந்தேன். ஆலய தரிசனமும் அமைதியும் ஒருங்கே கிட்டிய அந்தப் பயணத்தை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

வேம்பநாட்டுக் காயல் சுமார் 96 கிலோமீட்டர் நீளமுடையது. பம்பை, மணிமலை, மீனச்சில், அச்சன்கோவில், மூவாற்றுப்புழை ஆகிய ஆறுகள் இதில் வந்து கலக்கின்றன. ஐயப்பனின் அடியார்கள் நீராடும் அதே பம்பைதான், மலையிறங்கிச் சமவெளியில் நடந்து, இறுதியில் இக்காயலில் அடங்குகிறது. ஆலப்புழையைத் துறைமுக நகராக வளர்த்தவர் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ். நகரின் ஊடே செல்லும் இரு கால்வாய்கள் அக்காலத்தில் மிளகையும் கயிற்றையும் கடற்கரைக்குக் கொண்டு சேர்த்தன.

முதல் நாள் அம்பலப்புழைக்குச் சென்றோம். ஆலப்புழைக்குத் தெற்கே சுமார் 14 கிலோமீட்டர். பார்த்தசாரதியாகிய கண்ணன், வலக்கரத்தில் சாட்டையும் இடக்கரத்தில் சங்கும் தாங்கி நிற்கிறான். இத்தலத்துப் பால்பாயசத்தின் கதையை அன்பர்கள் அறிந்திருக்கலாம். செம்பகச்சேரி மன்னனுடன் முதியவர் ஒருவர் சதுரங்கம் ஆடினார். பந்தயமாகக் கேட்டது நெல்மணிகள். முதற்கட்டத்திற்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, பின் நான்கு என்று 64 கட்டங்களுக்கும் இரட்டித்துத் தரவேண்டும். மன்னன் தோற்றான். வட்டிக் கணக்கிலேயே வாழ்நாளைக் கழித்த எனக்கு, இக்கதையைக் கேட்டதும் கூட்டிப் பார்க்கத் தோன்றியது. வரும் எண் இருபது இலக்கங்கள் கொண்டது! உலகத்து நெல்லெல்லாம் சேர்த்தாலும் அக்கடன் தீராது. முதியவராக வந்த கண்ணன், கடனை ஒரே நாளில் தர வேண்டாம், தினமும் என் அடியார்க்குப் பாயசமாகக் கொடுத்து வா என்று அருளினானாம். அக்கடன் இன்றும் அடைபட்டு வருகிறது.

இந்தக் கண்ணன் அம்பலப்புழைக்கு வந்ததே படகில்தான் என்பர். குறிச்சியிலிருந்து விக்கிரகத்தை எழுந்தருளச் செய்தபோது, வழியில் இரவாகிவிடவே, சம்பக்குளத்தில் ஒரு கிறித்தவக் குடும்பத்தாரின் இல்லத்தில் விக்கிரகம் தங்கியது. மறுநாள் ஊர்மக்கள் அனைவரும் அலங்கரித்த படகுகளில் உடன்சென்று வழியனுப்பினர். மிதுன மாதத்து மூல நட்சத்திரத்தன்று சம்பக்குளத்தில் நடைபெறும் படகுப் போட்டி அதன் நினைவே. இறைவனுக்கு இரவில் இடம் தந்தவர் எம்மதத்தினர் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் ஆலப்புழையிலிருந்து கோட்டயத்திற்கு அரசுப் படகில் ஏறினோம். சுமார் இரண்டரை மணி நேரப் பயணம். கட்டணமோ மிகச் சொற்பம். பள்ளிச் சிறுவர்களும் காய்கறிக் கூடைகளுடன் பெண்களும் துறைதோறும் ஏறி இறங்கினர். சொகுசான படகு வீடுகளும் உண்டு. ஆணியின்றிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த கெட்டுவள்ளங்கள் ஒருகாலத்தில் நெல் சுமந்தன. அவற்றின் வழிவந்தவையே இவை. ஆயினும் ஊராரோடு சேர்ந்து செல்வதில் உள்ள நிறைவு தனி.

இருபுறமும் குட்டநாட்டு வயல்கள். படகு மேலே செல்கிறது, வயல் கீழே கிடக்கிறது! கடல்மட்டத்திற்குக் கீழே வரப்பெழுப்பி, நீரை இறைத்து வெளியேற்றி, நெல் விளைக்கிறார்கள். என் அருகில் அமர்ந்திருந்த முதிய விவசாயி ஒருவர், உவர்நீர் வயலுக்கு ஏறாதிருக்கத் தண்ணீர்முக்கத்தில் கட்டிய தடுப்பணையைப் பற்றிச் சொன்னார். கோடையில் அதன் மதகுகளை அடைக்கிறார்கள், நெல் பிழைக்கிறது. ஆனால் உப்பு நீர் உள்ளே வராததால் ஆகாயத்தாமரை அழியாமல் படர்கிறது, அழுக்கு வெளியேறுவதில்லை, மீனும் குறைந்துவிட்டது. "எனக்கு நெல் வேண்டும், என் தம்பிக்கு மீன் வேண்டும். இருவரும் ஒரே வீட்டில் உண்கிறோம்" என்றார் அவர். நான் மறுமொழி கூற இயலாமல் நீரையே பார்த்திருந்தேன். படகின் பின்னே நெகிழிப் புட்டிகள் மிதந்து வந்தன. அவற்றை எறிந்தவர்கள் நெல்லுக்கும் மீனுக்கும் உரியவர்கள் அல்லர்; நம்மைப் போல் வந்து போகிறவர்களே.

மூன்றாம் நாள் ஏற்றுமானூர், கடுத்துருத்தி, வைக்கம் ஆகிய மூன்று சிவத்தலங்கள். கரன் என்னும் அசுரன் வலக்கையில் ஒன்றும் இடக்கையில் ஒன்றும் பல்லில் கவ்வி ஒன்றுமாகக் கொண்டுவந்த லிங்கங்களே இம்மூன்றும் என்பது தலபுராணம். உச்சிப் பூசைக்குள் மூன்றையும் தரிசித்தல் பெரும்பேறு. வைக்கத்து லிங்கத்தைப் பூசித்தவர் வியாக்ரபாதர். தில்லையில் நடராஜனின் ஆடலைக் கண்ட அதே புலிக்கால் முனிவர். வைக்கத்தப்பனை அன்னதானப் பிரபு என்றே அழைக்கின்றனர்.

இத்தலத்தில் மறக்கலாகாத வரலாறு ஒன்றுண்டு. ஒருகாலத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் நடக்கவும் பலருக்கு உரிமையில்லை. 1924-ல் அதற்கெனச் சத்தியாக்கிரகம் எழுந்தது. ஈரோட்டிலிருந்து பெரியார் சென்று சிறைப்பட்டார். 1925 மார்ச் மாதத்தில் காந்தியடிகள் வைக்கத்துப் படகுத்துறையில் வந்திறங்கினார். 1936-ல் திருவிதாங்கூர் ஆலயங்களின் கதவுகள் இந்துக்கள் யாவர்க்கும் திறந்தன. இன்று நாம் தடையின்றி நடக்கும் அவ்வீதி, பலர் துன்புற்றுத் திறந்த வழி என்பதை நினைத்தே வலம்வந்தோம்.

வைக்கத்திலிருந்து எதிர்க்கரையான தவணக்கடவுக்குச் செல்ல, 2017 முதல் சூரிய ஒளியில் இயங்கும் 'ஆதித்யா' என்னும் படகு ஓடுகிறது. புகையில்லை, இரைச்சலில்லை. கதிரவனே தேரோட்டுவதுபோல் மென்மையாகச் சென்றது.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்: மழைக்காலம் தவிர்த்து, மார்கழி, தை மாதங்களில் செல்வது நலம். ஆலயங்களில் ஆடவர் வேட்டியணிந்து, மேலாடையின்றியே செல்லவேண்டும். நண்பகலில் நடை அடைத்துவிடுவர். படகில் ஏறி இறங்க ஊழியர்கள் கைகொடுக்கின்றனர்; படகு முற்றிலும் நின்றபின் எழுவது முதியோர்க்குப் பாதுகாப்பு. குடிநீரைப் பாத்திரத்தில் கொண்டு செல்லுங்கள். வெறும் புட்டியையும் திரும்பக் கொண்டு வாருங்கள்.

அம்பலப்புழைக் கண்ணனுக்கு மன்னன் பட்ட கடனைப் போன்றதே நீருக்கு நாம் பட்ட கடனும். ஒரே நாளில் தீர்க்க இயலாது. நாள்தோறும் சிறிது சிறிதாகச் செலுத்தலாம். அதற்குரிய மனத்தை அந்தப் பார்த்தசாரதியே அருள்வானாக.