சில்வர் கிரில் கதவுக்கு இந்தப் பக்கம்

ரங்கூனுக்கு ஜாஸ் எப்போது வந்தது என்பதில் எங்கள் குடும்பத்தில் இன்றும் இரண்டு கட்சி. ஜப்பான் சண்டை ஓய்ந்த பிறகு அமெரிக்கச் சிப்பாய்கள் கிராமபோன் பெட்டியோடு கொண்டுவந்து இறக்கினார்கள் என்பது சின்னத் தாத்தாவின் கட்சி. ரங்கூனின் பசுந்தாங் பகுதியில் அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்த சிநேகிதருடையது எதிர்க்கட்சி. அவர் ஆங்கிலோ பர்மியர், ரயில்வேக்காரர், தெருவில் எல்லோருக்கும் 'அங்கிள்'. சண்டைக்கு முன்பே எங்கள் ஆட்கள் இங்கே வாசித்துக்கொண்டிருந்தார்கள், எவனும் கப்பலேறி வந்து கற்றுத் தரவில்லை என்பார். இருவருமே இப்போது இல்லை.

பேச்சு வார்த்தையே நின்றுபோகும் அளவுக்கு அவர்கள் முறைத்துக்கொண்டது கிளாரினெட் விஷயத்தில். சின்னத் தாத்தாவுக்கு பென்னி குட்மேன் என்றால் உயிர். அங்கிளுக்கு ஆர்ட்டி ஷா. குட்மேனின் கிளாரினெட் கணக்கு சுத்தமாக, நுனி கூர்மையாகப் போகும். ஷாவின் நாதம் அகலமானது. மேல் ஸ்தாயியில் ஏறும்போதும் மெலியாது. இரண்டையும் பல வருடம் கேட்டவன் என்கிற முறையில் சொல்கிறேன், இதில் தோற்ற கட்சி என்று ஒன்று இல்லை. ஆனால் 1954ல் ஷா கிளாரினெட்டையே கைவிட்டார். அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1956-57 குளிர்காலத்தில், அமெரிக்க அரசு அனுப்பிய கிழக்காசியச் சுற்றுப்பயணத்தில் குட்மேன் பர்மாவுக்கே வந்துவிட்டார். "உங்க ஆளு கருவியை மூட்டை கட்டிட்டான், எங்க ஆளு வாசல் தேடி வந்திருக்கான்" என்று சின்னத் தாத்தா தெருவில் வைத்துச் சொன்னாராம். அங்கிள் கச்சேரிக்கும் போகவில்லை, அதன்பிறகு எங்கள் வீட்டுப் படியும் ஏறவில்லை.

ஜாஸ் ரசிகர்களிடையே இப்படிக் கட்சி கட்டுவது புதிதில்லை. 1938ல் ஒரு வானொலி நிகழ்ச்சி டபிள்யூ. சி. ஹேண்டியை ஜாஸுக்குத் தந்தை என்று சொல்லப்போக, ஜெல்லி ரோல் மார்ட்டன் கொதித்துப்போய் டவுன் பீட் பத்திரிகைக்கு நீண்ட கடிதம் எழுதினார். 1902ல் ஜாஸை உண்டாக்கியவன் நானே என்பது அவர் வாதம். ஹேண்டியும் அதே பத்திரிகையில் பதில் எழுதினார். பிரான்சில் ஹ்யூக் பனாசியேயும் ஷார்ல் டெலோனேயும் ஒன்றாக வளர்த்த சங்கம், பீபாப் என்ற புதுப் பாணியை ஜாஸ் என்று ஏற்பதா கூடாதா என்ற தகராறில் 1947ல் பிளந்தது. பனாசியே சாகும்வரை ஏற்கவில்லை. இவர்களை அற்பர்கள் என்று ஒதுக்க என்னால் முடியாது. மார்ட்டன் அந்தக் கடிதத்தை எழுதியபோது கையில் காசில்லாமல், ஊர் மறந்துபோன மனிதராக இருந்தார். 'முதலில் நான்' என்பதைத் தவிர அவரிடம் வேறு சொத்து இல்லை. அங்கிளிடமும் அதுவேதான் இருந்ததோ என்ற சந்தேகம்தான் என்னைத் தேட வைத்தது.

பான்சோடான் தெரு நடைபாதைப் புத்தகக் கடைகளில் பழைய ரங்கூன் வழிகாட்டிகளையும் நினைவுக் குறிப்புகளையும் தோண்டுவதில் ஆரம்பித்தேன். முதல் விடை சீக்கிரமே கிடைத்தது, அது அங்கிளுக்குச் சாதகமானது. ஜாஸ் என்ற பெயரில் முதல் இசைத்தட்டு நியூயார்க்கில் பதிவானது 1917 பிப்ரவரியில். அப்போது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1937 ஏப்ரல்வரை அப்படியே இருந்தது. கல்கத்தாவில் விற்பது அடுத்த கப்பலில் ரங்கூனில் விற்கும். தட்டு மட்டுமல்ல, வாசிப்பவர்களும் அதே கப்பலில்தான் போய் வந்தார்கள்.

அங்கிள் சொன்ன 'எங்கள் ஆட்கள்' கற்பனை அல்ல. ரூபன் சாலமன் என்ற கிளாரினெட் கலைஞர், செட்ரிக் வெஸ்ட் என்ற கித்தார்க்காரர் இருவருமே ரங்கூன்வாசிகள். சாலமன் பாக்தாத் யூத வம்சம். அந்தச் சமூகம் 1890களில் கட்டிய ஜெப ஆலயம் ரங்கூன் 26ஆம் தெருவில் இன்றும் நிற்கிறது, வழிபடத்தான் ஆள் குறைவு. சாலமன் நடத்திய குழுவுக்கு 'ஜைவ் பாய்ஸ்' என்று பெயர். ஜப்பான் படை நெருங்கியதும் இவர்கள் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே கிராண்ட் ஹோட்டலில் டெடி வெதர்ஃபோர்ட் என்ற கறுப்பின அமெரிக்கப் பியானோக் கலைஞர் இசைக்குழு நடத்திக்கொண்டிருந்தார். 1926ல் சிகாகோவில் லூயி ஆம்ஸ்ட்ராங்குடன் ஒரே தட்டில் வாசித்தவர். அதே வருடம் ஆசியாவுக்குக் கப்பலேறி, ஷாங்காய், பம்பாய் என்று சுற்றி, கல்கத்தாவில் நிலைத்தவர். ரங்கூன் அகதிகளுக்கு அவர் குழுவில் நாற்காலி கிடைத்தது. 1945 ஏப்ரலில் காலரா வெதர்ஃபோர்டைக் கொண்டுபோனது. வெஸ்ட் பின்னாளில் இங்கிலாந்து போய் அங்கே பேர்பெற்ற கித்தார்க்காரர் ஆனார்.

வெதர்ஃபோர்டின் கல்கத்தா தட்டுகள் கேட்கக் கிடைக்கின்றன. அவற்றின் துள்ளலைக் கேட்கும்போதெல்லாம், பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களில் சிலர் ஊரையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்து சில மாதம்கூட ஆகாதவர்கள் என்பது எனக்கு நினைவுக்கு வந்துவிடும்.

ஆக, அங்கிள் ஜெயித்தார். அத்தையிடம் போய் அப்படித்தான் சொன்னேன். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

"உங்க அங்கிள் சில்வர் கிரில் உள்ளே போயிருப்பார்ப்பா. நம்ம ஆளு போக முடியுமா?"

சில்வர் கிரில் சண்டைக்கு முந்தைய ரங்கூனில் பேர்போன இரவு விடுதி. அத்தையின் கேள்விக்குப் பிறகுதான் நான் எண்களைப் பார்த்தேன். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் ஜனத்தொகை நாலு லட்சம் சொச்சம். அதில் பாதிக்கு மேல், 2,12,929 பேர், இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், பசுந்தாங் ஓடைக்கரை அரிசி ஆலைகளில் வேலை செய்தவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள் என்று தெலுங்கரும் தமிழரும் ஒரியர்களும் ஊரை நிரப்பியிருந்தார்கள். பெகு கிளப்பில் வெள்ளைக்காரர் தவிர வேறு யாருக்கும் உறுப்பினராக இடமில்லை. ஹோட்டல், விடுதி நடன மேடைகளுக்கு முன்னால் உட்கார கோட்டும் காசும் வேண்டும். மேடை மேலே ஏறும் வாய்ப்பு ஆங்கிலோ பர்மியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் கோவாக்காரருக்கும் யூதருக்கும் இருந்தது. கதவுக்கு வெளியே ரிக்‌ஷாவோடு நின்றவனுக்கும் காதில் ஏதோ விழுந்திருக்கும். ஆனால் அவனுடைய சாட்சியத்தை எந்த நினைவுக் குறிப்பிலும் நான் பார்க்கவில்லை. ஜாஸ் எப்போது வந்தது என்று கேட்டால், யாரிடம் வந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

சின்னத் தாத்தாவின் கட்சியை இந்தக் கண்ணோடு மறுபடி சோதித்தேன். அவர் சொன்னபடி பார்த்தால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 1945 மே மாதம் ரங்கூனைத் திரும்பப் பிடித்தது 26ஆவது இந்திய டிவிஷன். அமெரிக்கத் துருப்புகள் இருந்தது வடக்கே, மிச்சினா பக்கம். லெடோ சாலை போட்ட அமெரிக்க வீரர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், ஜாஸைப் பெற்றெடுத்த மக்கள். ஆனால் அவர்கள் பாடியதும் வாசித்ததும் பசுந்தாங்குக்குக் கேட்க நியாயமில்லை. அப்படியானால் சின்னத் தாத்தா எந்த அமெரிக்கரைப் பார்த்தார்?

விடை 1941ல் இருந்தது. சீனாவுக்காகச் சண்டையிட வந்த அமெரிக்க விமானிகள், 'பறக்கும் புலிகள்' என்று பேர் வாங்கியவர்கள், அந்த வருடம் ஜூலையிலிருந்து ரங்கூன் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். டிசம்பரில் அவர்களுடைய ஒரு அணி மிங்கலாடோன் விமான தளத்தில் இருந்தது. டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்டபோது எதிர்த்துப் பறந்தவர்கள் அவர்கள். ஓய்ந்த நேரத்தில் சில்வர் கிரில்லில் கூடிய வாடிக்கையாளர்களும் அவர்களே.

அத்தையிடம் திரும்பப் போனேன். "சண்டைக்கு முன்னாடி சின்னத் தாத்தா எங்கே வேலை பார்த்தார் அத்தை?"

"சின்னப் பையன்தானே. மிங்கலாடோன்ல கேன்டீன்ல எடுபிடி."

"அப்போ அமெரிக்கக்காரனை அங்கேதான் பார்த்திருக்கணும். ஏன் சண்டைக்கு அப்புறம்னு சொன்னார்?"

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். "நடந்து போனதுக்கு முன்னாடி நடந்த எதையும் அவர் பேச மாட்டார்ப்பா. அவர் கதை எல்லாமே திரும்பி வந்ததுல இருந்துதான் ஆரம்பிக்கும்."

1942ல் பர்மாவை விட்டு இந்தியாவுக்குத் தப்பியவர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர். கப்பலிலும் விமானத்திலும் இடம் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள். அந்த நடைக்கு முன்னால் கேட்ட ஒரு கிளாரினெட்டை, சின்னத் தாத்தா நடைக்குப் பின்னால் எடுத்து வைத்துக்கொண்டார். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. 1941 டிசம்பரில் அங்கிள் கதவுக்கு உள்ளேயும் சின்னத் தாத்தா விமான தளத்து அடுக்களையிலும் ஒரே பாட்டைக்கூடக் கேட்டிருக்கலாம்.

அவருக்கு ஏன் குட்மேன் பிடித்தார் என்பதற்கும் எனக்கு ஒரு ஊகம் உண்டு. கிளாரினெட் தமிழனுக்கு அந்நியக் கருவி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மகாதேவ நட்டுவனார் அதைச் சதிர்க் கச்சேரிக்குள் கொண்டுவந்துவிட்டார். சின்ன மேளத்தில் அது நெடுங்காலம் ஒலித்தது. பிற்காலத்தில் ஏ.கே.சி. நடராஜன் கச்சேரி மேடையில் அதற்குத் தனி ஆசனமே வாங்கித் தந்தார். கோயில் ஊர்வலத்தில் கிளாரினெட் கேட்டு வளர்ந்த காதுக்கு குட்மேன் தூரத்துச் சொந்தமாகப் பட்டிருக்கலாம். இதற்கு ஆதாரம் தேடிப் பயனில்லை. ஆனால் நான் நம்புகிறேன்.

இரண்டு கட்சிக்காரர்களும் அக்கம்பக்கத்து பர்மியரைக் கேட்டிருந்தால் வாதம் இன்னும் சிக்கலாகியிருக்கும். மண்டலே அரசவைக்குப் போன பியானோவை பர்மியர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே 'சந்தயா' என்று பேர் சூட்டித் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். மேற்கத்திய முறைப்படி இடக்கையால் தாங்கி வலக்கையால் பாடுவதை விட்டு, பத்தலா என்ற மூங்கில் சட்டக் கருவியை இரண்டு கோலால் தட்டுவது போல இரு கையும் மாறி மாறி ஒரே ராகத்தைக் கோத்துப் போகும். பின்னர் மௌனப்பட அரங்குகளில் சந்தயாவும் ஹவாய் கித்தாரும் பாஞ்சோவும் வயலினும் திரைக்குக் கீழே வாசிக்கப்பட்டன. உ கோ கோ, சந்தயா லா டுட் போன்றவர்களின் பதிவுகளைக் கேளுங்கள். தாளத்தைச் சற்றே தள்ளிப் போட்டு, பிறகு ஓடிப் பிடிக்கும் அந்த விளையாட்டில் ஜாஸ் ரசிகன் சட்டென்று நிமிர்ந்து உட்காருவான். அது ஜாஸிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. யாங்கோன் என்று பேர் மாறிய ரங்கூனில் 2003ல் கீதமேத் இசைப் பள்ளியைத் தொடங்கிய அமெரிக்கப் பியானோக் கலைஞர் கிட் யங், சந்தயாவுக்கு மாணவியாகவும் இருந்தவர். அது தனித்து நிற்கும் கலை என்பதற்கு எனக்கு அதுவே போதுமான சாட்சி.

1962 மார்ச்சில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். குதிரைப் பந்தயமும் அழகிப் போட்டியும் நடனப் போட்டிகளும் நின்றன. 1964ல் கடைகள் தேசியமயமாகி, ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்றானதும், இந்தியர்கள் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். சின்னத் தாத்தா சென்னை வியாசர்பாடிக்குப் போனார், அங்கிள் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கு. ஒருவருக்கொருவர் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. அத்தை புருஷன் வீட்டோடு பசுந்தாங்கிலேயே தங்கிவிட்டார்.

மேற்கத்திய ஆட்டபாட்டமே ஆகாது என்ற அந்த ஆட்சியில், 1972 தொடக்கத்தில், டியூக் எல்லிங்டன் தன் முழு இசைக்குழுவோடு ரங்கூனில் வாசித்தார். குழுவில் டெனர் சாக்ஸஃபோன் பால் கன்சால்வெஸ். உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாயாக இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்து, கல்கத்தாவில் வெதர்ஃபோர்டோடு பழகிய அதே மனிதர். இரண்டு கட்சிக்கும் அவர் ஒருவரே போதுமான சாட்சியாக இருந்திருப்பார். வாதிகள்தான் ஊரில் இல்லை.

அந்தக் கச்சேரியைக் கேட்டவர்களை இப்போது பசுந்தாங்கிலும் யேஜோவிலும் விசாரித்து வருகிறேன். கிடைத்த பெரியவர் ஒருவர், ஜானி ஹாட்ஜஸின் ஆல்டோ சாக்ஸஃபோனைத்தான் அன்று மறக்க முடியாது என்றார். ஹாட்ஜஸ் 1970 மே மாதமே இறந்துவிட்டார் என்றேன். என் காதால் கேட்டேன் தம்பி, நீ அப்போது பிறந்தாயா என்று கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டார். வீட்டுக்கு வந்து தேடினேன். அந்த வருடங்களில் எல்லிங்டன் குழுவில் ஆல்டோ வாசித்தவர்களில் நாரிஸ் டர்னி ஒருவர். ஹாட்ஜஸுக்கு அஞ்சலியாக 'செக்கர்ட் ஹேட்' என்ற உருப்படியை எழுதியவர் அவர். பெரியவர் கேட்டது அதுவாக இருக்கலாம். அதன் ஒலிப்பதிவை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போகிறேன்.