47-ல் மசக்கையா?

கடுகு வெடித்த வாசனைக்கே அடுப்பை அணைச்சுட்டு வாஷ்பேசினுக்கு ஓடினேன். வாந்தி வரலை. வாயெல்லாம் எச்சில் ஊறி, வயித்தைப் புரட்டி, கண்ணுல தண்ணி வந்ததுதான் மிச்சம். போன ஆடியில ஆரம்பிச்ச கூத்து இது.

எதிர்வீட்டு அக்கா பார்த்துட்டு, "என்ன, ஏதாச்சும் விசேஷமா?"ன்னு சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலைங்க. வயசு 47. பொண்ணு காலேஜ் ரெண்டாம் வருஷம். பீரியட்ஸ் வந்து மூணு மாசம் ஆச்சு. ராத்திரி ரங்கமணிகிட்ட சொன்னப்ப அவர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! மறுநாள் நம்ம தெருக் கடையை விட்டுட்டு, ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளிப் போய் கார்டு வாங்கிட்டு வந்தார். ஒரே கோடு. அப்பாடா...

அப்பாடான்னு சொன்னாலும் குமட்டல் நிக்கணுமே. முதல்ல போன டாக்டர் கேஸ் மாத்திரை எழுதி அனுப்பிட்டார். பீரியட்ஸ் பத்தி அவரும் கேட்கலை, நானும் சொல்லலை. கம்பவுண்டர் பக்கத்துலயே நின்னுட்டிருந்தார், எப்படிச் சொல்றது?

அப்புறம் ஒரு லேடி டாக்டர். தைராய்டு, சர்க்கரை, பித்தப்பைக் கல்லுக்கு ஸ்கேன், எல்லாம் பார்த்துட்டுத்தான் வாயைத் திறந்தாங்க. சினைப்பை ரிடையர் ஆகறதுக்கு முன்னாடி தாறுமாறா வேலை பார்க்குமாம். ஈஸ்ட்ரோஜன் ஒரு நாள் எகிறும், இன்னொரு நாள் தடால்னு விழும். இதுக்குப் பேர் பெரிமெனோபாஸ். தொடர்ந்து 12 மாசம் வராம இருந்தாத்தான் மெனோபாஸ். நடுவுல சில வருஷம் இழுத்தடிக்கலாம். அதுவரை கர்ப்பமாகவும் வாய்ப்பு உண்டாம், ரங்கமணி பயந்தது நியாயம்தான்! குமட்டல் எல்லாருக்கும் வராது. சிலருக்குத் திடீர்னு உடம்பு கொதிச்சு வேர்க்குறப்போ கூடவே வரும். எனக்கு அந்த ரகம்.

இதுல நானே இழுத்துவிட்டுக்கிட்டதும் ஒண்ணு இருந்துச்சு. இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயித்துல போட்டுட்டு இருந்தேன். சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்தினதும் பாதி குறைஞ்சுது. மீதிக்கு, வயித்தைக் காலியா விடறதில்லை. தலைமாட்டுலயே ஒரு டப்பா பொரி. எழுந்ததும் ரெண்டு கை. மூணு வேளைச் சாப்பாட்டை அஞ்சா பிரிச்சாச்சு. இஞ்சி தட்டிப் போட்ட மோர். காபியை விடச் சொன்னாங்க. விட்டுட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன், டிபனுக்கு அப்புறம் அரை டம்ளர். தாளிக்கிற டிபார்ட்மென்ட் இப்போ ரங்கமணி கையில. தினம் கடுகு கருகுது, நான் வாயே திறக்கறதில்லை.

ஒண்ணு மட்டும் டாக்டர் அழுத்திச் சொன்னாங்க. குமட்டலோட நெஞ்சடைப்பு, மூச்சு முட்டல், தாடையிலயோ கையிலயோ வலின்னு வந்தா, மெனோபாஸ்தானேன்னு படுத்திருக்கக் கூடாது. ஹார்ட்டாவும் இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். நான் பத்தாவது படிக்கும்போது அம்மா மத்தியானம் முழுக்க அடுக்களைத் தரையில படுத்திருப்பாங்க. வாயில ஒரு துண்டு உப்பு நார்த்தங்காய். "எப்பப் பாரு படுத்துக்கிட்டே இருக்கே"ன்னு ஒரு நாள் எரிஞ்சு விழுந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

"எனக்கும் இதேதான்டி. ரெண்டு வருஷம் இருந்துச்சு. உங்க பாட்டி பித்தம்னுட்டாங்க. கஷாயமா குடிச்சேன்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லலை?"

"உனக்கு அப்போ பரீட்சை."

நேத்து பஸ் பார்சல்ல ஒரு பாட்டில் நார்த்தங்காய் வந்துச்சு. பொண்ணு மூடியைத் திறந்து மோந்து பார்த்துட்டு, "இதெல்லாம் யாருக்கும்மா?"ன்னா. அவளுக்கும் அடுத்த வாரம் பரீட்சைதான். பக்கத்துல உட்காரச் சொல்லி, மொதல்லேர்ந்து சொன்னேன்.