மறக்கக் கற்ற நினைவகம்

கணினியில் நிரல்கள் இயங்க வேண்டுமாயின் அவற்றிற்கு நினைவகத்தில் இடம் வேண்டும். இடமோ அளவுக்குட்பட்டது. அது நிறையும் தறுவாயில் உள்ளே இருப்பவற்றுள் சிலவற்றை வெளியேற்றியாக வேண்டும். எவற்றை வெளியேற்றுவது என்று தீர்மானிப்பது இயக்க அமைப்பின் உட்கருவாகிய கெர்னலின் பொறுப்பு. தீர்மானம் பிழைத்தால், வெளியேற்றியதையே திரும்பக் கொணர்வதில் கணினியின் பொழுதெல்லாம் கழியும்.

ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய லாஸ்லோ பெலாடி 1966ஆம் ஆண்டில் இச்சிக்கலை ஆராய்ந்தார். இனி மிக நீண்ட காலம் தேவைப்படாத பகுதியை நீக்குவதே மிகச் சிறந்த வழி என்பது முடிவு. கணக்கில் பிழையில்லை, கடைப்பிடிக்கத்தான் இயலாது. பயனர் அடுத்து எதைத் திறப்பார் என்பதைக் கெர்னல் எவ்வாறு அறியும்?

வருங்காலம் தெரியாதவிடத்துக் கடந்தகாலமே சான்று. லினக்ஸ் கெர்னல் நினைவகத்தைப் பெரும்பாலும் 4 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாகப் பகுத்துக்கொள்கிறது. 8 ஜிகாபைட் நினைவகத்தில் இத்தகைய பக்கங்கள் 20 இலட்சத்திற்கும் மேல். ஒவ்வொன்றும் தொடப்பட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தால் கணினிக்கு வேறு வேலையே நடவாது. எனவே, ஒரு பக்கம் தொடப்பட்டவுடன் அதற்குரிய ஒரு பிட்டை நுண்செயலி 1 ஆக்குகிறது. கெர்னல் அவ்வப்போது பார்வையிட்டு அதனை 0 ஆக்கிச் செல்கிறது. மறுமுறை வரும்போதும் 0 ஆகவே இருந்தால், அப்பக்கம் நீக்கத்தக்கவற்றின் வரிசையை நோக்கி நகர்கிறது.

நீக்குவதற்கு ஆகும் செலவும் ஒன்றுபோல் இராது. தட்டிலுள்ள கோப்பின் மாறாத படியை அப்படியே விட்டுவிடலாம். மாற்றம் பெற்ற படியை முதலில் தட்டில் எழுதியாக வேண்டும். தட்டச்சு செய்து இன்னும் சேமிக்கப்படாத கட்டுரைக்கோ கோப்பே இல்லை. தட்டில் தனியே ஒதுக்கிய இடமிருந்தால் மட்டுமே அதனை வெளியே வைக்க முடியும்.

லினக்ஸில் போற்றத்தக்க ஏற்பாடு ஒன்றுண்டு. கோப்பின் பக்கத்தை நீக்கும்போது, அது இருந்த இடத்தில் சிறியதொரு குறிப்பைக் கெர்னல் விட்டுச் செல்கிறது. அதே பக்கம் மீண்டும் கேட்கப்பட்டால், இடையில் எத்தனை பக்கங்கள் இடம்பெயர்ந்தன என்பதை அக்குறிப்பிலிருந்து கணக்கிடுகிறது. எண்ணிக்கை சிறியதாயின், விரைந்து நீக்கிவிட்டோம் என்பது தெளிவு. உடனே அப்பக்கத்தை அடிக்கடி பயன்படுவனவற்றின் வரிசையில் சேர்க்கிறது. தன் தீர்ப்பைத் தானே அளந்து பார்க்கும் இப்பண்பு மனிதருக்கும் எளிதில் வாய்ப்பதன்று.

பக்கங்களை மீட்டும் இடம் போதாத வேளையும் வரும். அப்போது கெர்னல் ஒரு நிரலையே முழுதாக நிறுத்திவிடுகிறது. பெரும்பாலும் மிகுதியான நினைவகத்தைக் கைக்கொண்டிருக்கும் நிரலே அதற்கு இலக்காகும். அதில் சேமிக்கப்படாத எழுத்துகள் இருந்தால் அவையும் அத்துடன் போகும். நிறுத்தக்கூடாத நிரலுக்குக் கணினியின் நிர்வாகி முன்கூட்டியே -1000 என்னும் மதிப்பைக் குறித்துவைக்கலாம். அந்நிரலைக் கெர்னல் தேர்ந்தெடுப்பதில்லை.